ஜாடிக்குள் போன வௌவால்

பாகூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு இரண்டு சங்கதிகள் ஞாபகத்துக்கு வரும்.

ஒன்று, செப்பேடு. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு - அந்தக் காலத்துக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் - மூன்று கிராமங்களின் வருமானத்தை எழுதிவைத்த செப்பேடு. இரண்டாவது, சண்டை. 1752-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கேதான் மோதிக்கொண்டார்கள். ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் ஜெயித்தார். பிரெஞ்சுத் தளபதி கெர்ஜாங் கைதானார்.

மூன்றாவதாக ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்து சேரும் பெரிய ஏரி பாகூர் ஏரி. சுற்றிலும் நெல் வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்தப் பகுதியைச் சொல்வது சும்மா இல்லை. பொழுது சாய்ந்து, கொக்கும் நாரையும் கூடு திரும்புகிற நேரத்தில், மில்லில் ஷிஃப்ட் மாறுகிற மாதிரி இன்னொரு கூட்டம் வேலைக்குக் கிளம்பும். வௌவால்கள்!

நமக்கும் வௌவாலுக்கும் என்ன உறவு? 'வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தா, நீயும் தொங்கு நானும் தொங்கு' என்று ஒரு பழமொழி. கோயில் பிராகாரத்துக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்த வைக்கும் ஒரு நெடி. அவ்வளவுதான். ஆனால், நம் முன்னோர் இதைவிடக் கொஞ்சம் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் இதற்கு வாவல் என்று பெயர். சின்ன வகைக்குத் துரிஞ்சில் என்று இன்னொரு பெயர். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டவில்லை.

உண்மையில் உலகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. பழம் தின்பவை ஒரு பக்கம், பூச்சி பிடிப்பவை ஒரு பக்கம். பூச்சி பிடிப்பவர்களில் ஒரு குடும்பம்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். மற்ற வௌவால்களுக்கெல்லாம் பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு தோல் சவ்வு இருக்கும். வால் இருந்தால் பெரும்பாலும் அந்தச் சவ்வோடு சேர்த்துத் தைத்தது போல இருக்கும். இந்தக் குடும்பத்துக்கோ வாலின் பாதி, சவ்வைத் தாண்டி எலி வால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் வசதிக்கு 'தனிவால் வௌவால்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். உதடு சுருங்கிப்போய், முகம் ஏதோ கோபத்தில் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் பறக்க ஆரம்பித்தால் கில்லாடி! நீளமான, ஒடுங்கிய இறக்கை. மரக்கிளைகளுக்கு நடுவே நுழைந்து வளைந்து பறப்பதெல்லாம் இதற்கு ஒத்துவராது. மர உச்சிக்கு மேலே, திறந்த வானத்தில், நேர்கோட்டில் பாயும்.

இந்தப் பிராணியை மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான் என்பதுதான் நம் கதை. அது தொடங்குவது துறைமுகங்களில்.

தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே இருந்த பாதிரிமார்களில் சிலருக்கு பைபிளோடு சேர்த்து இன்னொரு பைத்தியமும் உண்டு. மீன், சிப்பி, செடி, பூச்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றுவது. அப்படிச் சோழமண்டலக் கரையிலிருந்து போன சரக்கில் வௌவாலும் உண்டு. 1797-ல் மார்ட்டின் வால் என்ற ஆய்வாளர், தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒரு பழந்தின்னி வௌவாலுக்கு 'ஸ்ஃபிங்ஸ்' என்று நாமகரணம் செய்தார். நம் வாழைத் தோப்பில் சாயங்காலம் சுற்றுகிற அதே வௌவால்தான்! 1800-ல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர், அதே ஊரிலிருந்து போன இன்னொரு வௌவாலுக்கு 'ஸ்பியோரிஸ்' என்று பெயர் வைத்தார். இந்த ஸ்பியோரிஸை மறந்துவிடாதீர்கள். பின்னால் வருவான்.

அடுத்தது பாண்டிச்சேரி. நெப்போலியன் யுத்தங்கள் முடிந்து, ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த 1816-ல், லெஷனோ என்ற தாவரவியல் நிபுணர் இங்கே வந்து இறங்கினார். ஆஸ்திரேலியா, ஜாவா என்று சுற்றியவர். அவர் பாரிஸுக்கு அனுப்பியவற்றில் ஒரு பழந்தின்னி வௌவாலும் போயிற்று. 1820-ல் தெமாரே என்ற விஞ்ஞானி அதற்கு லெஷனோவின் பெயரையே சூட்டிவிட்டார். இன்றைக்கும் ஆசியா முழுக்க அந்த வௌவாலுக்கு 'லெஷனோல்டி' என்றுதான் பெயர். முதல் மாதிரி எந்த ஊர் என்று கேட்டால் விஞ்ஞானப் புத்தகம் சொல்லும் பதில்: பாண்டிச்சேரி. 1838-ல் லண்டனில் கிரே என்பவர் பெயர் வைத்த குட்டியூண்டு வௌவால் ஒன்றுக்கு 'கோரமாண்ட்ரா' என்றே பெயர். சோழமண்டலம்தான் அப்படித் திரிந்தது. அதுவும் பாண்டிச்சேரிச் சரக்கு.

தனிவால் வௌவாலின் நாமகரணமும் இதே காலகட்டம்தான். மைசூர், மலபார் எங்கும் சுற்றிப் பயணக் குறிப்பு எழுதினாரே, பிரான்சிஸ் புக்கானன்... அந்த டாக்டர் அதற்கு முன்னால் வங்காளத்தில் இருந்தார். அங்கே பார்த்த ஒரு வௌவாலை 1800-ல் விவரித்து 'பிளிக்காட்டஸ்' என்று எழுதினார். மடிப்பு விழுந்தது என்று அர்த்தம். அந்தச் சுருங்கிய உதடுதான் காரணம். அதே சமயத்தில் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்தார். 1798-ல் பீரங்கிகளோடு விஞ்ஞானிகளையும் ஒரு கூட்டமாக அழைத்துப்போனார். அதில் ஒருவர் ழெஃப்ராய் செயின்ட்-இலேர். பிரமிடுகள் இருக்கும் கீஸாவில் கிடைத்த ஒரு தனிவால் வௌவாலை 1818-ல் அவர் விவரித்தார். பெயர் 'எகிப்தியாக்கா'.

வேடிக்கை என்னவென்றால், அந்த 'எகிப்து' வௌவால் நம் தமிழ்நாட்டிலும் வாழ்கிறது. பாறை இடுக்கிலும் பழைய கட்டடங்களின் விரிசலிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. நெப்போலியன் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போயிருந்தால் அதற்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்!

சரி, இத்தனை பெயர் வைத்தார்களே, வௌவாலைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்கள்? பல் எத்தனை, காது எத்தனை அங்குலம், தோல் என்ன நிறம்... இவ்வளவுதான். சாராய ஜாடிக்குள் மிதக்கிற உடம்பிலிருந்து அதற்கு மேல் என்ன தெரியும்? அது எங்கே போகிறது, என்ன தின்கிறது, இருட்டில் எப்படி முட்டாமல் பறக்கிறது என்பதையெல்லாம் ஜாடி சொல்லாது.

அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் ஓர் இத்தாலியர் விடவில்லை. தரங்கம்பாடி ஜாடிகள் கப்பலேறிய அதே 1790-களில், ஸ்பல்லன்சானி என்ற பாதிரி-விஞ்ஞானி, கண்ணைக் குருடாக்கிய வௌவாலும் முட்டாமல் பறப்பதைப் பார்த்து அசந்துபோனார். ஜெனீவாவில் ழூரின் என்ற சர்ஜன் அதன் காதை அடைத்துப் பார்த்தார். உடனே தட்டுத்தடுமாறி முட்டிக்கொண்டது! அப்படியானால் வௌவால் காதால் 'பார்க்கிறதா'? பாரிஸின் பெரிய தலை குவியே அதை ஒப்புக்கொள்ளவில்லை. தொடு உணர்ச்சியால் பறக்கிறது என்று சொல்லிவிட்டார். பெரியவர் சொல்லியாயிற்று, அப்புறம் என்ன? விஷயம் ஒன்றரை நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட தூங்கிவிட்டது. 1938-ல்தான் ஹார்வர்டு மாணவர் டொனால்டு கிரிஃபின், பேராசிரியர் பியர்ஸின் கருவி முன்னால் ஒரு கூண்டு வௌவாலைக் கொண்டுபோய் வைத்தார். நம் காதுக்கு எட்டாத கூச்சல் கருவியில் கொட்டியது! கத்துகிறது, எதிரொலியைக் கேட்கிறது, அதை வைத்துப் பறக்கிறது. ஸ்பல்லன்சானி ஜெயித்தார், செத்து 139 வருஷம் கழித்து.

விஞ்ஞானம் கண்டுபிடித்தால் யுத்தம் சும்மா இருக்குமா? 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. லிட்டில் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகையிலிருந்து லட்சக்கணக்கில் தனிவால் வௌவால்கள் பறப்பதை அவர் பார்த்திருந்தார். ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு குட்டித் தீக்குண்டைக் கட்டி ஜப்பான் மீது இறக்கிவிட்டால்? அவை வீட்டுக் கூரைகளுக்குள் போய் ஒண்டிக்கொள்ளும், குண்டு வெடிக்கும், மர வீடுகள் எரியும்! ஏதோ பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை போய் அனுமதி கிடைத்துவிட்டது. நேபாம் கண்டுபிடித்த ஃபீஸரே குண்டு செய்து கொடுத்தார். 1943 மே மாதம் ஒத்திகை. குண்டு கட்டிய சில வௌவால்கள் தப்பித்துப் பறந்துபோய் ஒண்டிக்கொண்டன. எங்கே? அமெரிக்க ராணுவத்தின் புத்தம் புது விமான தளக் கட்டடங்களில்! தளம் பற்றியெரிந்தது. 1944-ல் திட்டத்துக்கு மூடுவிழா.

ஜாடியில் போட்டுப் பார்த்தாயிற்று, குண்டு கட்டியும் பார்த்தாயிற்று. சும்மா உயிரோடு விட்டு, பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கிற காரியம் எப்போது நடந்தது? அதில் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது நம் மதுரையில்.

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1975-ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார் எம்.கே.சந்திரசேகரன். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரம்தான் அவருடைய துறை. ஊருக்குப் பக்கத்துக் குகைகளே அவருக்குப் பரிசோதனைக்கூடம். மாரிமுத்து, சுப்பராஜ் என்ற மாணவர்களோடு அவர் கேட்ட கேள்வி, எளிமையான கேள்வி. வெளிச்சமே எட்டாத குகைக்குள் இருக்கும் வௌவாலுக்கு சூரியன் மறைந்தது எப்படித் தெரிகிறது? ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்துக் கூட்டத்தோடு குகைக்குள் விட்டார்கள். வெளிச்சமே படாவிட்டாலும், கூட்டாளிகள் கிளம்பும் நேரத்துக்கு அதுவும் பரபரத்தது. துணையே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் கடிகாரம் மெல்ல மெல்ல விலகி, தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. அதாவது, கூட்டத்தின் சந்தடிதான் அதற்கு மணியோசை! 1978-ல் இந்த முடிவு ஜெர்மன் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாகி, உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த வௌவால் யார் தெரியுமா? நம் பழைய நண்பன் ஸ்பியோரிஸ். 1800-ல் தரங்கம்பாடியிலிருந்து பிணமாகப் போய் ஒரு பெயரை மட்டும் வாங்கிவந்தவன், மதுரைக் குகையில் உயிரோடு இருந்து ஐரோப்பாவுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தான்.

ஜெர்மனியின் நாய்வைலர் மதுரைக்கே வந்து கூட்டாக வேலை செய்தார். 1984-ல் அவருடைய குழு, மதுரைப் பக்கத்து வௌவால்களின் காதுகளை அளந்து வெளியிட்டது. எந்த இனத்துக்கு எந்தச் சுருதி நன்றாகக் கேட்கும் என்று. அந்தப் பட்டியலில் 'எகிப்து' தனிவாலும் உண்டு. செடி கொடிக்கு நடுவே வேட்டையாடும் வௌவால்களுக்கு உச்ச ஸ்தாயி, மர உச்சிக்கு மேலே வேகமாகப் பறக்கும் தனிவாலுக்குக் கீழ் ஸ்தாயி. காரணம் இருக்கிறது. உச்ச ஸ்தாயிக் கூச்சலைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதிதான் தூரம் போகும். திறந்த வானத்தில் பாய்கிறவனுக்குத் தூரத்துப் பூச்சி முன்கூட்டியே தெரிய வேண்டாமா? நாம் கேட்கக்கூடிய எல்லையை ஒட்டியே அதன் கூச்சல் இருக்கிறது. ஜாடியை எத்தனை நூற்றாண்டு உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

வானத்தில் அப்படி என்ன இருக்கிறது, அவ்வளவு வேகமாக ஓடிப்பிடிக்க?

இங்கேதான் பாகூர் விவசாயி காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். புகையான் என்றால் நெல் போடுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வட்ட வட்டமாக வயல் தீய்ந்தது போலக் காய்ந்துவிடும். அதற்கு ஒரு பங்காளி உண்டு, வெண்முதுகுத் தத்துப்பூச்சி. இரண்டும் காற்றில் ஏறி, உயரத்தில் மிதந்து, ஊர்விட்டு ஊர் போகக்கூடியவை. வயலில் நிற்கிறவன் மருந்து அடிப்பது வயலில் இறங்கின பூச்சிக்கு. வானத்தில் வந்துகொண்டிருக்கிற பூச்சியை யார் பிடிப்பது?

தாய்லாந்தில் ராட்சபுரி என்ற மாகாணம். அங்கே காவ் சோங் பிரான் என்ற குகையில் லட்சக்கணக்கில் தனிவால் வௌவால்கள். பக்கத்திலேயே புத்த விகாரை. வௌவால் எச்சத்தை உரமாக விற்று விகாரைக்கு வருமானம் பார்க்கிறார்கள். அந்த எச்சத்தை ஆராய்ந்தவர்களுக்கு அதில் கிடைத்தது வெண்முதுகுத் தத்துப்பூச்சி! 2014-ல் ஒரு கணக்கு வெளியானது. தாய்லாந்து முழுவதும் இருக்கும் இந்த ஒரே இன வௌவால்கள், இந்த ஒரே பூச்சியைத் தின்பதால் மட்டும் வருஷத்துக்கு ஏறத்தாழ 2,900 டன் அரிசி மிச்சம். 26,000 பேர் ஒரு வருஷம் சாப்பிடலாம். பணமாகப் பார்த்தால் 12 லட்சம் டாலருக்கு மேல். இனத்தின் பெயர்? பிளிக்காட்டஸ். ஆம், 1800-ல் வங்காளத்தில் புக்கானன் உதட்டைப் பார்த்துப் பெயர் வைத்தாரே, அதுதான். அவர் அதன் வயிற்றைப் பார்க்கவில்லை.

குண்டு கட்டிப் பார்த்த அமெரிக்காவும் பிற்பாடு கணக்குப் போட்டது. டெக்சாஸில் எட்டு மாவட்டங்களின் பருத்தி வயல்களில், காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகளைத் தனிவால் வௌவால்கள் தின்பதன் மதிப்பு வருஷத்துக்கு சுமார் 7,41,000 டாலர் என்று 2006-ல் எழுதினார்கள். விமான தளத்தை எரித்த அதே இனம்தான்!

தாய்லாந்துக் கணக்கை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து பாகூர் வயலில் நட முடியாது என்பது வாஸ்தவம். அங்கே மலைக்குகை, இங்கே சமவெளி. குகையே இல்லாத ஊரில் வௌவால் எங்கே போகும்? அதற்கும் பதில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிப் படுகையின் கோயில்களில் வௌவால்களைத் தேடிய ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. வயல்கள் மட்டுமே பரந்து கிடக்கும் பூமியில், பழைய கோயில்களின் இருட்டு மூலைகள்தான் வௌவால்களுக்குக் குகை என்கிறது அது. ராஜராஜன் காலத்துச் சிற்பி, தெரிந்தோ தெரியாமலோ, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூச்சிக்கொல்லிக்கு இடம் விட்டுவைத்திருக்கிறான்!

ஆனால் சட்டம் வெகுகாலம் வௌவாலைப் பகைவனாகத்தான் பார்த்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்று பட்டியல் போட்டது. பூச்சி தின்பவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. உச்சப் பாதுகாப்பு கிடைத்தது இரண்டே இரண்டு வௌவால்களுக்கு. ஒன்று, ராட்டன் தனிவால் வௌவால். பெல்காம் பக்கம் பாராபெடே குகையில் கிடைத்து 1913-ல் பெயர் சூட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் உலகத்திலேயே அந்த ஒரு குகையில்தான் இருக்கிறது என்று நம்பினார்கள். பிறகுதான் கம்போடியாவிலும் மேகாலயாவிலும் தலைகாட்டியது. இன்னொன்று, நம் மேகமலையில் 1948-ல் ஹட்டன் பிடித்த பழந்தின்னி. பம்பாயில் சேகரிப்பு அறையில் தப்பான பெயரோடு 20 வருஷத்துக்கு மேல் கிடந்தது. தாய்லாந்திலிருந்து வந்த கிட்டி தோங்லோங்யா என்பவர் பார்த்து, 'இது புது ஜாதி!' என்று கண்டுபிடித்து, 1972-ல் பறவையியல் மேதை சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். தொல்லைப் பிராணி என்ற அந்தப் பட்டியல், 2022 சட்டத் திருத்தத்தில்தான் ஒழிந்தது.

பட்டியல் ஒழிந்தாலும் பயம் ஒழியவில்லை. 2018-ல் கேரளாவில் நிபா வந்தது. 2020-ல் கொரோனா வந்தது. வௌவால் என்றாலே கல்லெடுக்கும் கூட்டம் பெருகிவிட்டது. நிபா கிருமியைச் சுமப்பது பெரிய பழந்தின்னி வௌவால். கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாமலும், கீழே விழுந்து கிடக்கும் எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாமலும் இருந்தால் போதும். விரட்ட ஆரம்பித்தால் அது ஊர் பூராவும் சிதறும், அவ்வளவுதான்.

கும்பாபிஷேகம் வரும்போது பழைய கோயில்களுக்கு சிமென்ட் பூசுகிறோம். இடுக்கு, பொந்து எல்லாம் அடைபடுகிறது. உள்ளே இருப்பது தனிவால் என்றால், அது வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுகிற ஜாதி. எலி மாதிரி அடுத்த மாதமே பெருகி வந்துவிடாது. ஒரு பொந்தை அடைக்க ஒரு கொத்தனாருக்கு அரை நாள் போதும். அதிலிருந்த கூட்டம் மறுபடி சேரப் பல வருஷம் ஆகும். கருவறைப் பக்கம் அடைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மதிலோரத்து இடுக்கு, புழங்காத மண்டபத்து மூலை இவற்றை விட்டுவைக்கலாம். குட்டிகள் பறக்கப் பழகும் வரை கொத்தனாரைக் காத்திருக்கச் சொல்லலாம்.

வித்யாஸ்தானம் நடத்திய பாகூரில், அந்தக் காலத்தில் 14 கலைகள் சொல்லிக் கொடுத்ததாகச் செப்பேடு கணக்குச் சொல்கிறது. அங்கே படிக்க வந்த பிள்ளைகளின் தலைக்கு மேலேயும் சாயங்காலமானால் வௌவால் பறந்திருக்கும். ஐரோப்பாக்காரன் பிடித்து ஜாடியில் போட்டபோது ஒரு பெயர் கிடைத்தது. அமெரிக்காக்காரன் குண்டு கட்டியபோது ஒரு விமான தளம் எரிந்தது. பேசாமல் உட்கார்ந்து கவனித்தவர்களுக்குத்தான் 2,900 டன் அரிசிக்கு விடை கிடைத்தது.